பேர்லா போன சாயங்காலம்

ஓல்ஷின்கா
11 செப்டம்பர் 1991

கித்லாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்லிவிடுகிறேன், ரோஸாலியா. ஐந்தாம் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். அந்த வருஷக் கோடை விடுமுறைக்குப் பிறகு யுத்தம் வந்துவிட்டதால் உனக்கும் எனக்கும் படிப்பு அதோடு சரி. அதனால் என் எழுத்தில் பிழை கண்டால் அன்றைக்குப் போல மூக்கைச் சுளிக்காதே.

உன் விலாசத்தைச் சினிமாக்காரர்கள் தேடிக் கொடுத்தார்கள். ஆமாம், சினிமா. நம் ஊரில் படமெடுக்கிறார்கள். பாரிஸ்காரர்களின் காசு, டைரக்டர் மட்டும் நம் போலிஷ்காரர், ஷெலிகா என்று பெயர். நல்ல மனிதர். ஒரு நாளைக்கு இருபது கோப்பை தேநீர் குடிக்கிறார். ஜெர்மன்காரர்கள் உங்கள் யூத ஜனங்களை ரயிலேற்றிக் கொண்டுபோன நாற்பத்திரண்டாம் வருஷ அக்டோபர் மாதத்தைத்தான் எடுக்கிறார்கள். சந்தைத் திடலில் உன் அப்பாவின் கடைக்குப் பழையபடி பலகை மாட்டியிருக்கிறார்கள். நான் ரொட்டி வாங்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டு ரொட்டி வாங்காமலே திரும்பி வந்தேன்.

கூட்டத்தில் நடிக்க ஊர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் யூதர்களாகத்தான் நடிப்பேன் என்கிறார்கள். இறைச்சிக் கடைக்காரன் ஒட்டு தாடியைக் கழற்றாமலே மூன்று நாளாகக் கறி வெட்டுகிறான். நீங்கள் போன பிறகு வீடு புகுந்து மெத்தையும் தலையணையும் தூக்குகிற காட்சிக்கு மட்டும் ஓர் ஆளும் வரவில்லை. ரொட்டிக்காரன் பெண்டாட்டியை அதற்குக் கேட்டதற்கு அவள், "எங்க குடும்பத்துல அப்படி யாரும் கிடையாது, பக்கத்து ஊர்ல கேட்டுப் பாருங்க"ன்னு சொல்லிவிட்டாள். உன் அம்மாவின் தையல் மிஷின் அவள் வீட்டுக் கூடத்தில்தான் இன்றும் இருக்கிறது. கடைசியில் பக்கத்து ஊர்த் தீயணைப்புக்காரர்கள் பத்துப் பேரை வண்டியில் கூட்டி வந்தார்கள்.

இப்போது முக்கியமான சேதி. என் மகன் மாரெக்கின் பெண் யாகோதாவுக்கு ஆறு வயது. மூன்று ஊர்களில் பார்த்து, நூறு பிள்ளைகளுக்கு மேல் வரிசையில் நிற்க வைத்து, டைரக்டர் அவளைத்தான் விரலை நீட்டிக் காட்டினார். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான். அவள் நடிப்பது உன் தங்கை பேர்லாவாக.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு குழந்தையை ஒளித்து வைத்திருந்தோம் என்று நான்தான் அவர்களிடம் சொன்னேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. கதையில் அவள் பிழைத்துவிடுகிறாள். கடைசியில் யுத்தம் முடிந்து நீ வந்து அவளைத் தூக்கிக்கொள்கிறாயாம். எழுதியது அப்படி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேர்லாவின் புகைப்படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்கிறார்கள். தலை எந்தப் பக்கம் வாருவாள் என்று தெரிய வேண்டுமாம்.

உன் பழைய தோழி,
ரோஸாலியா

&nbsp;

ஹைஃபா
2 அக்டோபர் 1991

ரோஸாலியா,

என்னிடம் புகைப்படம் இல்லை. எங்கள் படச் சட்டங்கள் உன் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில், உள்ளே வேறு யாருடைய படத்தோடோ மாட்டியிருக்கும். அங்கே கேள்.

நாற்பத்தாறு வருஷம் கழித்து உன் கடிதம் வருகிறது. அதில் தையல் மிஷின் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நன்றி. என் போலிஷ் பன்னிரண்டு வயதோடு நின்றுபோனது, இங்கே அதைப் பேச எனக்கு ஆள் கிடையாது. அதனால் மழுப்பி எழுதத் தெரியாது. நேராகவே எழுதுகிறேன்.

ரயிலுக்கு முந்தின நாள் ராத்திரி நான் பேர்லாவை வேலிக்கு மேலே தூக்கி உன் அம்மா கையில் கொடுத்தேன். மறுநாள் என்னை ஆயுதத் தொழிற்சாலைக்குப் பிரித்து அனுப்பினார்கள், மற்றவர்களை வேறு பக்கம். யுத்தம் முடிந்த வசந்தத்தில் நடந்தே ஓல்ஷின்காவுக்கு வந்தேன். உன் அப்பா வலேன்டி வாசல் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "வச்சிருக்க முடியல, வெளியே அனுப்பிட்டேன். செங்கல் சூளைப் பக்கம். மறுநாள் சுட்டுட்டாங்க"ன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். நீ அவர் பின்னால் கதவு நிலையில் நின்றாய். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது சினிமாவில் அவள் பிழைத்துக்கொள்கிறாள். உன் பேத்தி அழகாக வாரின தலையோடு என் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் அவர்கள் போன நாளில் ஒரு விளக்கு ஏற்றுவோம். அம்மா, அப்பாவுக்கு ரயில் போன நாளில் ஏற்றுகிறேன். பேர்லாவுக்கு எது நாள் என்று எனக்குத் தெரியாது. அன்று உன் அப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை. சினிமாவிலும் சாகவில்லை என்றால் நான் எந்த நாளில்தான் விளக்கேற்றுவது, சொல்.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, அந்த டைரக்டரிடம் உள்ளதைச் சொல். இரண்டு, எந்த நாள் என்று எனக்கு எழுது. குளிருக்கு ஏதாவது போட்டு அனுப்பினார்களா என்பதையும் எழுது.

கித்லா

&nbsp;

ஓல்ஷின்கா
4 நவம்பர் 1991

கித்லா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அடுப்படியில் நடந்தேன். முட்டைக்கோஸ் ஊறப்போடும் நேரம், உப்பு எவ்வளவு போட்டேன் என்று மறந்து மறந்து போட்டேன். இந்த வருஷம் ஒருவர் வாயிலும் வைக்க முடியாது.

நீ சொல்வதை எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரு முழுக்க ஒரு மணி நேரம்கூட யாரையும் வைக்கவில்லை, எங்கள் வீட்டில் ஏழு வாரம் இருந்தாள். இதை நீ எழுதவில்லை. கண்டுபிடித்தால் வீட்டோடு எல்லோரையும் கொளுத்துவார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நாங்கள் ஐந்து பிள்ளைகள், அண்ணன் ஒருவனைத் தவிர எல்லோரும் எனக்குச் சின்னவர்கள். உன் வீட்டுப் பொருள் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது, வந்து பார்.

நாளைக் கேட்டாய். எழுதுகிறேன்.

நவம்பர் கடைசியில் அந்திரேயர் திருநாளுக்கு முந்தின ராத்திரி, வரப்போகிற மாப்பிள்ளை எப்படி என்று பார்க்கப் பெண் பிள்ளைகள் சேர்ந்து மெழுகு ஊற்றுவோமே, நினைவிருக்கிறதா? நீகூட ஒரு வருஷம் வந்து சாவித் துவாரத்தின் வழியாகத் தண்ணீரில் ஊற்றினாய், உனக்குக் கழுதை மாதிரி ஒரு மாப்பிள்ளை விழுந்தான். அந்த வருஷமும் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டால் வருஷா வருஷம் கூப்பிடுகிற வீடு இந்த வருஷம் ஏன் கூப்பிடவில்லை என்று பேசுவார்களே என்ற பயம். அதுதான் தப்பாகப் போனது. பரணில் சத்தம் காட்டாமல் இருக்க அந்தப் பிள்ளை நன்றாகப் பழகியிருந்தாள். யார் அதட்டினாலும் அடங்குவாள். ஆனால் சிரிப்புச் சத்தத்துக்கு அவளைப் பழக்க எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் சிரித்தோம். அவள் ஏணியில் பாதி இறங்கி வந்து நின்று, "எனக்கும் ஊத்துங்க"ன்னாள்.

எட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். யார் வீட்டில் போய்ச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்காம் நாள் ஊர்த் தலையாரி வந்து அப்பாவைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், "வலேன்டி, நாளைக்கு ஜெர்மன்காரன் வருவான். அதுக்குள்ள உன் வீட்டுல எதுவும் இருக்கக் கூடாது. நான் வரல, உன்கிட்ட பேசல"ன்னு சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்தான். பார்பரா திருநாளுக்கு முந்தின நாள். டிசம்பர் மூன்று, வியாழக்கிழமை. சூளையில் சில பேர் ஒளிந்திருப்பதாக ஊரில் பேச்சு இருந்தது. அவர்களிடம் போய்ச் சேர்ந்துகொள்வாள் என்றுதான் அப்பா அந்தப் பக்கம் காட்டினார். அங்கே யாரும் இல்லை.

டைரக்டரிடம் சொல்லச் சொல்கிறாய். எப்படிச் சொல்வேன்? ஊராட்சித் தலைவர் எங்கள் வீட்டுச் சுவரில் அப்பா பெயரைக் கல்லில் பொறிக்கலாம் என்கிறார். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அப்பாவைப் பற்றிப் பேசினார். மாரெக்குக்கு அந்தச் சினிமாவில் தச்சு வேலை. யாகோதா ராத்திரி தூக்கத்தில்கூட வசனம் சொல்கிறாள்.

இறந்தவர்கள் தினத்துக்கு அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனேன். ஒன்று மிஞ்சியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ரோஸாலியா

&nbsp;

ஹைஃபா
3 டிசம்பர் 1991

ரோஸாலியா,

நாள் கிடைத்தது.

மாடி வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார், பழைய பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர். அந்த வருஷத்து டிசம்பர் மூன்று சாயங்காலம் எங்கள் கணக்கில் எது என்று கேட்டேன். விரலை நக்கிப் பக்கம் புரட்டிவிட்டு, "அட, அன்னிக்குச் சாயங்காலம் ஹனுக்காவோட முதல் விளக்குல்ல? நல்ல நாளாச்சே, யாருக்குக் கல்யாணம்?" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது.

ஹனுக்கா எங்கள் எட்டு நாள் விளக்குப் பண்டிகை. அப்படியென்றால் என்ன அர்த்தம் தெரியுமா? இத்தனை வருஷமும் அவளுடைய நாளில்தான் நான் என் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதல் விளக்கை ஏற்றிப் பாட்டுப் பாடி, எண்ணெயில் உருளைக்கிழங்கு அடை சுட்டுக் கொடுத்திருக்கிறேன். முந்தாநாள் இந்த வருஷத்து முதல் விளக்கு. பேரப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். விளக்கேற்றிவிட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் இன்னொன்று ஏற்றினேன். சின்னவன், "பாட்டி, இது எக்ஸ்ட்ராவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு இறங்கி வந்தாள் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யார் சிரித்தாலும் என்ன என்ன என்று ஓடி வருவாள்.

ஏழு வாரத்தை நான் எழுதவில்லை என்றாய். எழுதாமல் இருக்கலாம், யோசிக்காமல் இருந்ததில்லை. உன் அப்பாவை நான் வெறுக்கப் பார்த்திருக்கிறேன், மன்னிக்கவும் பார்த்திருக்கிறேன். இரண்டும் முழுதாக வரவில்லை. அவளை வைத்துக்கொண்டிருந்தால் மறுநாள் நீங்கள் எல்லோரும் செத்திருப்பீர்கள், அவளும்தான் செத்திருப்பாள். மாரெக் கிடையாது, உன் யாகோதா கிடையாது. ஐந்து பிள்ளைக்காரரிடம், என் தங்கைக்காக எல்லோரும் சேர்ந்து செத்துப்போங்கள் என்று நான் கேட்க முடியுமா? கேட்க முடியாது. கேட்க முடியாமல் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே வருஷத்துக்கு ஒன்றிரண்டு இப்படிப் படம் வரும். என் மகன் சாவுல் கூட்டிப்போவான். நல்ல ஜெர்மன்காரன் ஒருவன் வருவான், பிடில் வாசிப்பார்கள், ரயில் புகை விடும். நான் பாதியில் வெளியே வந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் படத்தில் செத்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். பேர்லா அப்படி ஒன்றும் நல்லவள் இல்லை. என் ரிப்பன்களைத் திருடுவாள்.

கல் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வாரத்துக்கு ஒரு கல் தகும். ஆனால் அவள் பிழைத்தாள் என்று மட்டும் காட்டாதீர்கள். போய்ச் சொல், ரோஸாலியா. அப்பா முகத்தைப் பார்க்காதே, பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்.

குளிருக்கு ஏதாவது போட்டிருந்தாளா என்று கேட்டேன். அதற்கு நீ எழுதவில்லை.

கித்லா

&nbsp;

ஓல்ஷின்கா
14 ஜனவரி 1992

அன்புள்ள கித்லா,

சொல்லிவிட்டேன்.

பண்டிகை கழிந்து சினிமாக்காரர்கள் திரும்பி வந்த அன்றே போனேன். கையில் ஒரு ஜாடி பிளம் ஜாம் கொண்டுபோனேன், சும்மா போக ஒரு மாதிரி இருந்தது. டைரக்டர் தங்கியிருந்த விடுதி அறையில் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, ஏணி, தலையாரி, சூளை. அவர் கையிலிருந்த சிகரெட் சாம்பலாகிக் கால்சட்டையில் விழுந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல."

எழுந்து வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டார். படத்துக்கு இப்போதுதான் உயிர் வந்தது என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கித்லாவுக்கு எழுதலாம், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நான்கு நாள் கழித்து மாரெக் புதுத் தாள்களோடு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "தாத்தாவை ஒரு மூட்டை சர்க்கரைக்கு வித்துட்டியேம்மா"ன்னான். எனக்குப் புரியவில்லை. வாசித்துக் காட்டினான். புதுக் கதையில் அப்பா பேர்லாவை வெளியே அனுப்புகிறார், சரி. ஆனால் மறுநாள் ஜெர்மன்காரனிடம் போய், அவளைக் காட்டிக்கொடுத்ததற்குக் கூலியாக ஒரு மூட்டை சர்க்கரை வாங்கி வருகிறார். கடைசிக் காட்சியில் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் சர்க்கரையை ரொட்டியில் தூவித் தின்கிறோம்.

விடுதிக்கு ஓடினேன். இந்த முட்டியோடு ஓட்டம்தான். "ஐயா, சர்க்கரை பொய். எங்க அப்பா யார்கிட்டயும் எதுவும் வாங்கல. பயந்தார், அவ்வளவுதான்"னு சொன்னேன்.

அவர் நிதானமாகப் பேசினார். "உங்க அப்பா வாங்கல. வாங்கினவங்க இருந்தாங்களா இல்லையா?"

"இருந்தாங்க."

"படம் உங்க அப்பாவைப் பத்தி மட்டும் இல்லைம்மா. வெறும் பயம்னு காட்டினா ஜனங்க அவரை மன்னிச்சிடுவாங்க."

"மன்னிச்சா என்ன?"

"அப்புறம் படம் எதுக்கு?"

ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அந்தக் கேள்வி எட்டவில்லை. பேத்தியை அனுப்ப மாட்டேன், எங்கள் வீட்டு முற்றத்தையும் தர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க இஷ்டம். வேற வீடு, வேற குழந்தை. காட்சி இதேதான்"னார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

யாகோதா அழுது சாப்பிடாமல் கிடந்தாள், பேர்லா தான்தான் என்று. மாரெக் அவளை நடிக்க விட்டுவிட்டான், முற்றத்தையும் கொடுத்துவிட்டான். ஆனால் என்னோடு பேசுவதில்லை. சூப் தட்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போகிறான்.

நீ ஒரு கடிதம் எழுதேன் அவருக்கு. நீ சொன்னால் கேட்பார். செத்தவளின் அக்கா நீ.

ரோஸாலியா

&nbsp;

ஹைஃபா
3 பிப்ரவரி 1992

ரோஸாலியா,

எழுதினேன். நான்கு பக்கம். நாற்பத்தாறு வருஷம் வலேன்டி என்ற பெயரை இந்த வீட்டில் நான் உச்சரித்ததில்லை. போன வாரம் முழுக்க இந்த மேசையில் உட்கார்ந்து அவருக்காக வக்கீல் வேலை பார்த்தேன். அவர் சர்க்கரை வாங்கியிருக்க முடியாது, கேட்டுக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், வாங்கினவன் அப்படி நிற்க மாட்டான் என்று எழுதினேன். சாவுல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ யார் பக்கம்?" என்று கேட்டான். "போய் உன் காபியைக் குடி"ன்னேன்.

பதில் வந்தது. டைரக்டர் எழுதவில்லை, அவருடைய உதவிக்காரப் பெண் எழுதியிருக்கிறாள். என் கடிதம் எல்லோரையும் உருக்கிவிட்டதாம். படம் வெளிவரும்போது போடுகிற சிறு புத்தகத்தில் அதிலிருந்து சில வரிகளைச் சேர்த்துக்கொள்ள நான் சம்மதிக்க வேண்டுமாம். எந்த வரிகள் என்று குறித்து அனுப்பியிருக்கிறாள். தங்கை ரிப்பன் திருடியது இருக்கிறது. தொப்பியைக் கழற்றியது இல்லை.

அவள் சாவைக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கூடவே சர்க்கரையையும் தருகிறார்கள். திருப்பித் தரும் வழி எனக்குத் தெரியவில்லை.

மாரெக்கிடம் நான் எழுதினதைச் சொல். ஒருவேளை உன்னோடு பேசுவான்.

கித்லா

&nbsp;

ஓல்ஷின்கா
28 பிப்ரவரி 1992

அன்புள்ள கித்லா,

எடுத்து முடித்துவிட்டார்கள். நேற்று சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அப்பாவின் கடைப் பலகையையும் கழற்றிவிட்டார்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் இருக்கின்றன.

மாரெக்கிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு எழுந்து போனான். ராத்திரி சாப்பாட்டில், "உப்பு"ன்னான். நான் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு பேசியிருக்கிறான்.

அந்தக் காட்சியை எடுத்த நாளைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில்தான் எடுத்தார்கள். எங்கள் கதவு, எங்கள் கேட், அதற்கு அப்பால் சூளை வரை வெறும் வயல். முந்தின ராத்திரி நல்ல பனி பெய்திருந்தது. டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவரும் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது, பனியில் ஒரு சுவடும் இருக்கக் கூடாது, குழந்தையின் சுவடு மட்டும்தான் விழ வேண்டும் என்றார். இன்னொரு தடவை எடுக்க முடியாது, மிதித்த பனியை யார் திரும்ப விரிப்பார்கள்? கோழிகளைக்கூட அடைத்துவிட்டோம். கதவுக்குப் பின்னால் எங்களை எல்லாம் நிறுத்தி, "ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. நான் விசில் அடிக்கிற வரைக்கும்"னார். யாகோதாவிடம், "விசில் கேக்குற வரைக்கும் நடந்துகிட்டே இரு, திரும்பிப் பாக்காதே, தங்கம்"னு சொன்னார்.

அப்பாவாக நடித்தவர் வார்ஸாக்காரர், பெரிய நடிகர். கதவைத் திறந்தார். அவள் தோளில் கையை வைத்துத் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார். அவள் போனாள்.

நடந்தாள் கித்லா. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து. கேட்டைத் தாண்டினாள், வயலில் இறங்கினாள். டைரக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அப்புறம் ஊதினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவள் காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் போய்க்கொண்டே இருந்தாள். சூளைப் பக்கம் சின்னப் புள்ளியாகிவிட்டாள்.

நான் கூப்பிடவில்லை. ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. விசில் அடித்த பிறகும் என் வாய் திறக்கவில்லை. பனியில் கால் வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்து நான்கு வயசுக்காரி, என் சொந்த வீட்டு முற்றம்.

யாரோ ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை, சளி மட்டும் பிடித்தது. தான் நன்றாக நடித்ததாக எல்லோரும் கை தட்டினார்கள் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ரோஸாலியா

&nbsp;

ஹைஃபா
20 டிசம்பர் 1992

அன்புள்ள ரோஸாலியா,

பார்த்துவிட்டேன்.

நேற்று முதல் விளக்கு, அதற்கு முந்தின நாள் படம். சாவுல் வேண்டாம் என்றான், நான்தான் கிளம்பினேன். பாதியில் எழுந்து வரவில்லை. கைப்பையில் விதை இருந்தது, எடுக்கவில்லை.

உங்கள் இறைச்சிக் கடைக்காரன் யூதனாக நன்றாகத்தான் நடக்கிறான். மெத்தை தூக்குகிற தீயணைப்புக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே தூக்குகிறார்கள், அது கொஞ்சம் சரியில்லை, அன்றைக்கு அப்படி இல்லை. சர்க்கரைக் காட்சியில் தியேட்டரே பெருமூச்சு விட்டது. எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி, "மிருகம்"னு பல்லைக் கடித்தாள். அவள் பிறப்பதற்கு முன் நடந்தது. நான் அவள் பக்கம் குனிந்து, "அவர் ஏழு வாரம் வச்சிருந்தார்"னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

பேர்லாவைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அது பேர்லா இல்லை. பேர்லாவுக்கு எங்கள் வீட்டு மூக்கு, கீழே கொஞ்சம் வளைந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு உன் மூக்கு, உன் அப்பாவின் மூக்கு. கதவு திறந்தது, அந்த மூக்கோடு ஒரு குழந்தை பனியில் போகிறது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வலேன்டியின் முகம்தான் போகிறது. என் தங்கையை அவர்கள் அவள் முகத்தோடு அனுப்பியிருந்தால் நான் அழுதிருப்பேன். இது யாருக்காக அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். போகாதே, திரும்பி வா என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. உன் பேத்திக்காகத்தான் அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்கிறேன்.

மெல்லிய சட்டையோடு போகிறாள். சினிமா என்று தெரியும். இருந்தாலும் ராத்திரி முழுக்க அதையே நினைத்தேன். படம் பிடித்து முடிந்த பிறகு அவளுக்குக் கோட்டு போட்டுவிட்டது யார்? நீதான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எனக்கு ஒரு வரி எழுது.

நேற்றும் பக்கத்தில் டம்ளர் விளக்கை ஏற்றினேன். சின்னவன் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. தானே தீக்குச்சியை நீட்டினான்.

கித்லா

&nbsp;

ஓல்ஷின்கா
9 ஜனவரி 1993

அன்புள்ள கித்லா,

ஒரு வரி கேட்டாய். என்னால் ஒரு வரியில் எழுத முடியவில்லை.

முதல் கடிதத்திலேயே நீ கேட்டாய், குளிருக்கு ஏதாவது போட்டிருந்தாளா என்று. இரண்டாவதிலும் கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. போட்டிருந்தாள். எனக்குச் சின்னதாகிப்போன பழுப்புக் கோட்டு, முயல்தோல் காலர் வைத்தது, அதைத்தான் பரணில் போட்டுக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலம் அதோடுதான் கதவு வரை வந்தாள். அப்பா அங்கே நின்று யோசித்தார். அந்தக் கோட்டு யாருடையது என்று ஊருக்கே தெரியும், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போட்டுப்போனது. காலையில் அவளைக் கண்டெடுத்தால் கோட்டைப் பார்த்து வீட்டைப் பிடித்துவிடுவார்கள். அதனால் பொத்தான்களைக் கழற்றினார். அவளும் தானே கையை உருவிக் கொடுத்தாள், சமர்த்தாக. அப்பா அதை என் கையில் கொடுத்தார்.

படத்தில் சட்டையோடு போகிறாளே, அந்த விவரத்தைச் சொன்னதும் நான்தான். சினிமாக்காரர்களின் தையல்காரப் பெண், "பாட்டி, அவ என்ன போட்டிருந்தா?" என்று கேட்டாள், சொன்னேன்.

எடுக்கிற அன்று யாகோதாவுக்கு விசில் அடித்ததும் போர்த்துவதற்காக அவளுடைய தடித்த கோட்டை என்னிடம் கொடுத்து, "பாட்டி, இது உங்க வேலை"ன்னு கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, சினிமாவில் எனக்கும் ஒரு வேலை என்று. மற்றதை முன்னமே எழுதிவிட்டேன். கடைசியில் அந்தத் தையல்காரப் பெண்தான் என் விரல்களைப் பிரித்து அதைப் பிடுங்கிக்கொண்டு வயலில் ஓடினாள். அவள் போய்ப் போர்த்தியபோது யாகோதா, "இன்னும் விசில் அடிக்கலையே"ன்னாளாம்.

அது வரைக்கும் கோட்டு என் கையில்தான் இருந்தது. இரண்டு தடவையும்.

ரோஸாலியா